படித்த படிப்பு வீணாகுமா?



மலர்க் குழுவில் இருக்கும் அண்ணன்மார், “உனக்குப் பிடிச்ச தலைப்பிலே எழுதுடே” என்று சொன்னார்கள். நான் எழுதுவது எனக்குப் பிடித்த விஷயம் அல்ல. மனசை உறுத்திக்கொண்டே இருக்கிற ஒரு விஷயம். எழுதிவிட்டால் பாரம் கொஞ்சம் இறங்குமோ என்று பார்க்கிறேன்.

போன ஆடி மாசம், நம் கல்லூரிக்கு எதிரே இருக்கும் டீக்கடை. எங்கள் பயோ மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் படித்து முடித்துப் போன ஓர் அண்ணன் வந்திருந்தார். ஆஸ்பத்திரி மெஷின்களைச் சர்வீஸ் செய்யும் கம்பெனியில் அவருக்கு ஒரு வருஷ அனுபவம். நாகர்கோவிலில் இருந்து கோவில்பட்டி வரை பஸ்ஸிலேயே அலைகிற உத்தியோகம். மானிட்டர், சிரிஞ்ச் பம்ப், சக்ஷன் மெஷின் என்று எது கெட்டாலும் அவருக்குத்தான் போன் வரும். நாங்கள் நாலு பேரும் அவரைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ டீ கிளாஸைக் கையில் உருட்டியபடி இப்படிச் சொன்னார்:

“மெஷின் கெட்டுப்போனா மட்டும் உள்ளே விடுதாங்க. சரி பண்ணிட்டு வெளியே வந்துருதேன். அந்த மெஷின்ல யாரு படுத்திருந்தாங்க, பொழைச்சாங்களான்னு ஒண்ணும் தெரியாது. டயாலிசிஸ் யூனிட்ல பேஷண்ட் பக்கத்துல நின்னு பார்க்கிற வேலைக்குப் போகணும்னு தோணுது. மாறலாமாடே?”

நாங்கள் நாலு பேரும் ஒரே குரலில் சொன்னோம்: “கிடைச்ச வேலையை விட்டுராதீங்கண்ணே!” அதிலும் என் குரல்தான் பெரிசு. ‘ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்’ என்று பழமொழி வேறு எடுத்து விட்டேன். அவர் சிரித்தார், எல்லோருக்கும் டீ காசு கொடுத்தார், போய்விட்டார்.

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? யாரிடமும் கேட்காமல் ஆவணியில் வேலையை விட்டார். பஸ் ஸ்டாண்ட் சுவரில் ‘ஆறே மாதத்தில் டயாலிசிஸ் டெக்னீசியன், 100 சதவீதம் வேலை உத்தரவாதம்’ என்று ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்து, ஒரு மாடியறை நிறுவனத்தில் சேர்ந்தார். மகளிர் குழுவில் கடன் வாங்கிப் பணம் கட்டியது அவருடைய அம்மா. மாசியில் கையில் ஒரு சர்ட்டிபிகேட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஏறி இறங்கிய ஆஸ்பத்திரி எதிலும் அது செல்லவில்லை. இன்று ஜங்ஷன் பக்கம் ஒரு செல்போன் கடையில் நிற்கிறார். குழுக் கடன் இன்னும் அடைபடவில்லை.

“பார்த்தியா, நாம அன்னைக்கே சொன்னோமே!” என்றான் என் நண்பன் ஒருவன். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

நாங்கள் செய்த தப்பு

அவர் கேட்டது ஒரு கேள்வி. நாங்கள் கொடுத்தது ஒரு பூட்டு. ‘மாறலாமா?’ என்று கேட்டவரிடம், எங்கே மாறுவது, அதற்கு என்ன படிக்க வேண்டும், எவ்வளவு நாள், எவ்வளவு செலவு, இப்போது கையில் உள்ளதில் எது அங்கேயும் உதவும் என்று பேசியிருந்தால், அவர் அந்த மாடிப்படி ஏறியிருக்க மாட்டார். மாறாதே என்று சொல்லி வாயை அடைத்தோம். மனசை அடைக்க முடியுமா? பேச ஆள் இல்லாதவன் போஸ்டரிடம் போய்க் கேட்கிறான்.

அப்படிச் சொன்னதற்கு எங்களிடம் ஒரு காரணமும் இருந்தது. நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்கள். என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஊரார் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சோலி. அம்மா பீடி சுற்றுகிறாள். தட்டை மடியில் வைத்தால் ராத்திரி பத்து மணி வரை குனிந்த தலை நிமிராது. என் பீஸ் அந்தப் பீடிக் கட்டில் இருந்துதான் வந்தது. இப்படிப்பட்ட வீட்டில் போய், “நான் படிச்ச லைன் வேண்டாம், வேற லைனுக்குப் போறேன்” என்றால் அது சாதாரணப் பேச்சா? “படிச்ச படிப்பு வீணாப் போச்சே!” என்று ஊரே துக்கம் விசாரிக்க வந்துவிடும்.

ஆக, பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் படித்த படிப்பு வீணாகிறது என்ற கணக்கு சரிதானா? அதைத்தான் இங்கே கேட்கிறேன்.

எட்டயபுரத்துப் பக்கத்து டாக்டர்

எங்கள் ஆச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை. கண் சிகிச்சை முகாமில் பார்த்து, பஸ்ஸில் அழைத்துப் போய், இலவசமாக ஆபரேஷன் செய்து, சாப்பாடும் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். கட்டு அவிழ்த்த அன்று ஆச்சி என் முகத்தைப் பார்த்து, “எய்யா, மீசை முளைச்சிட்டே உனக்கு!” என்றாள். அந்த அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியைப் பற்றி அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

1918-ல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரம் கிராமத்தில், ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டம்தான். சின்ன வயசில் உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் இறந்ததைப் பார்த்தவர். அதனால் பிரசவ டாக்டர் ஆக வேண்டும் என்பது ஆசை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் படிப்பை முடித்தார். ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கே முடக்குவாதம் வந்தது. கை விரல்கள் கோணின. பேனா பிடிக்கக்கூட முடியாமல் படுக்கையில் கிடந்தார். 1948-ல் ராணுவத்தில் இருந்து அனுப்பிவிட்டார்கள். அந்த விரல்களை வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்க முடியாது.

வயசு முப்பது. படித்த படிப்பு வீணா?

அவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். மறுபடியும் மாணவராக உட்கார்ந்து 1951-ல் கண் மருத்துவத்தில் டிப்ளமோ வாங்கினார். (ஆமாம், நம்மைப் போல டிப்ளமோதான்!) 1954-ல் எம்.எஸ். முடித்தார். கோணின விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளைச் செய்து, கத்தி பிடிக்கப் பழகினார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தார். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற 1976-ல், மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கினார். 1988-ல் அது நம் திருநெல்வேலிக்கும் வந்தது. 2006-ல் அவர் காலமானார். எங்கள் ஆச்சி அவரைப் பார்த்ததே இல்லை. அவர் லைன் மாறியதால் இன்று பேரன் மீசையைப் பார்க்கிறாள்!

வேலூரில் இன்னொருவர். டாக்டர் மேரி வர்கீஸ், சி.எம்.சி.யில் மகப்பேறு மருத்துவம் பழகிக்கொண்டிருந்த இளம் டாக்டர். 1954-ல் ஒரு வாகன விபத்து. இடுப்புக்குக் கீழே செயல் இழந்துவிட்டது. பிரசவ வார்டில் நின்று வேலை பார்க்க இனி முடியாது. அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு ஆபரேஷன் செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட், “சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதைச் செய்யலாம்” என்று வழி காட்டினார். மேரி வர்கீஸ் கை அறுவைச் சிகிச்சை கற்றார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து சி.எம்.சி.யில் அந்தத் துறைக்கே தலைவரானார். 1966-ல் வேலூரில் உடல் ஊனமுற்றோருக்கான மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கிவைத்தார். வழி காட்டிய பால் பிராண்டே டாக்டர் ஆகும் முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகியவர்தான்.

“அவங்க பெரியவங்க, நாம யாரு?”

இப்படிச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். “அவங்க டாக்டருங்க. டாக்டர் எந்த லைனுக்குப் போனாலும் டாக்டர்தான். நாம வெறும் டிப்ளமோ!”

நியாயமான கேள்வி. அவர்களுக்கு இருந்த பட்டமும் மதிப்பும் நமக்கு இல்லை. கீழே விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு பெரிய கல்லூரியும் இல்லை. அவர்கள் ஆசைப்பட்டும் மாறவில்லை; நோயும் விபத்தும் தள்ளிவிட்டன. அதனால் ‘அவர் மாறினார், நீயும் மாறு’ என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் எப்படி மாறினார்கள் என்பதை மட்டும் பாருங்கள். இரண்டு பேரும் முன்பு படித்ததைத் தூக்கி எறியவில்லை. மருத்துவம் என்ற அடித்தளம் அப்படியே இருந்தது. அதன் மேல் புதுசாகக் கட்டினார்கள். இரண்டு பேரும் குறுக்குவழி தேடவில்லை. வயசைப் பார்க்காமல், தெரிந்தவர்களிடம் கீழே உட்கார்ந்து வருஷக்கணக்கில் கற்றார்கள். இந்த இரண்டும் டாக்டருக்கு மட்டும் உரியவை அல்லவே!

‘வெறும் டிப்ளமோ’ என்று தலை குனிபவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். சி.டி. ஸ்கேனை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்பீல்டு டாக்டர் அல்ல. லண்டனில் மின்பொறியியலில் டிப்ளமோ வாங்கியவர். ரேடார், கம்ப்யூட்டர் என்று வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார். 1971-ல் அவர் மெஷினில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். 1979-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் பங்காகக் கிடைத்தது.

டயாலிசிஸ் யூனிட்டில் நான் பார்த்தது

மார்கழியில் பயிற்சிக்காக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேதான் அந்த அண்ணன் சொன்னது எனக்குப் புரிந்தது.

ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய நாலு மணி நேரம். நிமிஷத்துக்கு 500 மில்லி வீதம் 120 லிட்டர் கரைசல் மெஷின் வழியாக ஓடுகிறது. அதற்கான தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் மருந்தே விஷம். குளோரமின் கலந்த தண்ணீர் உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும். ஆர்.ஓ. பிளாண்ட், கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம், அலாரம்... இதெல்லாம் நாம் படித்ததுதானே! அந்த அண்ணனுக்கு இதில் முக்கால்வாசி அத்துப்படி.

ஆனால் அவருக்குத் தெரியாதது எது என்பதையும் பார்த்தேன். டெக்னீசியன் ஒரு பாட்டியை எடை மெஷினில் ஏற்றினார். “ரெண்டரை கிலோ கூடியிருக்கு ஆச்சி. தண்ணி நிறையக் குடிச்சிட்டியளோ?” என்று கேட்டார். பாட்டி குழந்தை மாதிரித் தலையைக் குனிந்தாள். ஊசி குத்தும் கையில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். நடுவில் பாட்டிக்குப் பிரஷர் இறங்கியது. அலாரம் அடிக்கும் முன்பே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். இதை எந்தச் சர்க்கியூட் படத்திலும் நான் படிக்கவில்லை. ஆறு மாத மாடியறைப் படிப்பிலும் இது வராது. தெரிந்த ஒருவரின் பக்கத்தில் நின்று, நாள் கணக்கில் பார்த்துப் பழக வேண்டிய வேலை.

மாறும் முன் மூன்று கேள்வி

என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி வேலையிலேயே ஒரு பிரிவில் இருந்து இன்னொரு பிரிவுக்கு மாற நினைப்பவர்கள் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: போகிற வேலையைக் கண்ணால் பார்த்தேனா? இருக்கிற வேலையில் மேலாள் திட்டுகிறார், சம்பளம் குறைவு, நைட் ஷிப்ட் என்பதெல்லாம் வேலையை விடக் காரணமாகலாம். லைனையே விடக் காரணமாகாது. அதே வேலைக்கு வேறு இடம் தேடினால் போதும். இக்கரைக்கு அக்கரை பச்சைதான். ஒரு வாரம் லீவு போட்டாவது அந்த வார்டில் ஒரு ராத்திரி நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாம் கேள்வி: அந்தக் கதவு எனக்குத் திறக்குமா? இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். பி.எஸ்ஸி. நர்சிங் நாலு வருஷம். அதற்குப் பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். இணை மருத்துவப் படிப்புகள் பெரும்பாலானவற்றுக்கும் உயிரியல் கேட்கிறார்கள். பத்தாவது முடித்து நேரே பாலிடெக்னிக் வந்தவர்கள் முதலில் பிளஸ் டூ எழுதியாக வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம். மெஷின் பக்கமே மேலே போக வேண்டுமா? டிப்ளமோவை வைத்து பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அங்கே நம் மூன்று வருஷத்துக்கும் மரியாதை உண்டு.

சட்டம் ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்காக 2021-ல் தேசிய ஆணையச் சட்டம் வந்தது. லேப், டயாலிசிஸ், எக்ஸ்ரே போன்ற பிரிவுகளில் இணை மருத்துவப் பணியாளர் என்று ஏற்க, இரண்டு முதல் நாலு வருஷத்தில் குறைந்தது 2000 மணி நேரம் படித்த டிப்ளமோவோ பட்டமோ வேண்டும் என்கிறது. அந்த அண்ணன் படித்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினம் இரண்டு மணி நேரம், மாதம் 25 நாள், ஆறு மாதம். மொத்தம் 300 மணி நேரம்! இந்த ஒரு கணக்கை ஆடி மாசம் டீக்கடையில் நாங்கள் போட்டிருந்தால்...

மூன்றாம் கேள்வி: இந்தச் செலவை யார் சுமக்கப் போகிறார்கள்? நாம் மாறுவது நம் ஒருவர் விஷயம் அல்ல. அம்மாவின் குழுக் கடன், தங்கச்சியின் படிப்பு எல்லாம் இதில் அடக்கம். அதனால் வீட்டில் மறைத்துச் செய்யாதீர்கள். படிக்காதவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். இவ்வளவு ரூபாய், இத்தனை மாதம், அதுவரைக்கும் வருமானம் இவ்வளவுதான் என்று தாளில் எழுதிப் படித்துக் காட்டுங்கள். கணக்கு அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

நானும் தைப் பொங்கல் லீவில் அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். பரீட்சை முடிந்ததும் சர்வீஸ் வேலைக்குப் போகிறேன், இரண்டு வருஷம் பார்க்கிறேன், கூடவே பிளஸ் டூ எழுதுகிறேன், அதன் பிறகும் இதே எண்ணம் இருந்தால் டயாலிசிஸ் படிக்கிறேன் என்றேன். அம்மா பீடி இலையை வெட்டிக்கொண்டே கேட்டாள்: “அப்போ இந்த மூணு வருஷம்?” அப்பா வாய்க்கால் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர்தான் அவளுக்குப் பதில் சொன்னார்:

“மடையை மாத்துனா தண்ணி வீணாப் போகாது. எந்த வயலுக்குன்னு தெரியாம வெட்டிவிட்டாத்தான் வீணு.” அப்புறம் என் பக்கம் திரும்பி, “ஆனா லே, நட்ட வயலைக் காயப் போட்டுட்டு மாத்திராத” என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் குனிந்து உட்கார்ந்த வருஷங்களுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அதை மறந்துவிட்டு மாற்றம், முன்னேற்றம் என்று மேடைப் பேச்சுப் பேச எனக்கு விருப்பம் இல்லை.

யூனியனுக்கு ஒரு கோரிக்கை

நம் மாணவர் பேரவை ஆண்டு விழாவுக்கு மைக் செட்டும் பந்தலும் போடுகிறது. நல்லதுதான். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் போட வேண்டும் என்று கேட்கிறேன். படித்து முடித்துப் போன ஒவ்வொருவரும் என்ன வேலை பார்க்கிறார், எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், லைன் மாறினாரா, அதற்கு என்ன படித்தார், அந்தச் சர்ட்டிபிகேட் செல்லுபடியானதா என்று அவரவர் சம்மதத்தோடு எழுதி வைப்போம். வருஷத்துக்கு ஒரு நாள் அவர்களைக் கூப்பிட்டுப் பேச வைப்போம். ஜெயித்தவரை மட்டும் கூப்பிடக் கூடாது. ஏமாந்தவரையும் மரியாதையோடு கூப்பிட வேண்டும். அவரிடம்தான் நாம் அதிகம் கற்க முடியும்.

போன வாரம் அந்தச் செல்போன் கடைக்குப் போனேன். இந்தக் கட்டுரையை அவரிடம் வாசித்துக் காட்டி, போடலாமா என்று கேட்டேன். “பேரு போடாம போடுடே” என்றார். அப்புறம் மெதுவாக, “அந்தத் திறந்தநிலைப் பள்ளி விவரம் உன்கிட்டே இருக்கா?” என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை டீ காசு நான் கொடுத்தேன்.